கிண்ணத்துக்குள் இருந்த மண்

என் வீட்டுக்காரர் அந்த மெஷினை வாங்கியது புதையல் எடுக்க இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தென்னந்தோப்பு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, மலையாளப் பக்கத்தில் இருக்கிறது. என் மாமனார் தோப்பு முழுக்க இரும்புக் குழாய் பதித்து, எந்த இடத்தில் வால்வு இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஒரு கோடையில் தெற்கு மூலைக்குத் தண்ணீர் ஏறவில்லை. வால்வைத் திறந்து பார்க்கலாம் என்றால் வால்வே அகப்படவில்லை. நாலு ஆள் வைத்து இரண்டு நாள் தோண்டியதில் கிடைத்தது ஒரு ஒற்றைச் செருப்பு. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் கோயமுத்தூருக்குப் போய் மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தார். நீளக் கம்பி, நுனியில் ஒரு தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். பத்து நாளில் வால்வு எல்லாம் கிடைத்துவிட்டன. மெஷின் இனி பரணுக்குப் போய்விடும் என்று நான் நினைத்தேன்.

போகவில்லை. சாயங்காலமானால் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் இறங்கிவிடுவார். ஹெட்போன் மாட்டினால் நான் கூப்பிடுவது கேட்காது. அது அவருக்கு இரட்டைச் சௌகரியம். பிராந்தி பாட்டில் மூடி, மாட்டு லாடம், கலப்பைக் கொழு, கள் இறக்குகிறவர்களின் உடைந்த கத்தி முனை, ஓட்டைக் காலணா என்று தினமும் எதையாவது கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். வழியில் பார்க்கிறவர்கள், "ஏனுங்க, தங்கம் ஆப்பட்டுச்சுங்களா?" என்று கேட்பார்கள். "ஆப்பட்டா மொதல்ல உங்களுக்குத்தானுங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் பருப்பு டப்பாவுக்கு மூடி உடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை மாற்ற அவருக்கு நேரம் இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் தோப்புக்கு வடக்கே ஒரு மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தும்போது பெரிய பானைகளின் வாய்கள் தெரிந்தன. முதுமக்கள் தாழி என்றார்கள். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து ஆட்கள் வந்து தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, மண்ணில் நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தோண்ட ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரியில் பாடம் எடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். மலையாளி, ஆனால் கூலி ஆட்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரி தமிழ் பேசுவார்.

என் வீட்டுக்காரர் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். தனியாகப் போகக் கூச்சம், என்னையும் கூட்டிக்கொண்டார். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஓர் இரும்புத் துண்டைக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

"சேட்டா, இது எங்க கிடைச்சது?"

"நம்ம தோப்புலதானுங்க."

"தோப்புல எந்த இடம்? எத்தன ஆழம்? கூட வேற என்ன இருந்தது?"

என் வீட்டுக்காரர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது அம்பு முனை ஆகலாம். ரொம்பப் பழசு. ஆனா எடுத்த இடம் தெரியாம இத வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது, சேட்டா. கோபப்படாதீங்க."

அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். கடைக்குப் போய் ஒரு நீள நோட்டும் டேப்பும் வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் உண்டு. தேங்காய் வெட்டும்போது எந்த மரம் விட்டுப்போனது என்று தெரிவதற்காக மாமனார் காலத்தில் எழுதியது. அதை வைத்து என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். 'நாற்பத்தேழாம் மரத்தில் இருந்து கிழக்கே ஒன்பது அடி. ஆழம் ஒன்றே கால் அடி. கருப்பு மண். பக்கத்தில் சிவப்பு ஓடு இரண்டு.' இப்படி எழுதினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. ஒருநாள் மண்வெட்டி வேகமாக விழுந்து ஓர் ஆணி மேலே வந்துவிட்டது. ஆழம் அளக்க முடியவில்லை. "ஒரு அடின்னு போட்டுக்கங்க, யாரு பாக்கப் போறா" என்றேன். அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. "தெரியலீன்னா தெரியலீன்னுதான் எழுதோணும், புள்ள." அப்படியே எழுதினார்.

நோட்டு பாதி நிறைந்ததும் டீச்சரிடம் கொண்டுபோனார். பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீச்சர் முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை படித்தார். டீ ஆறிப்போனது. "எங்க பிள்ளைங்க கூட இப்படி எழுத மாட்டாங்க" என்று சொன்னார். இந்த வாக்கியத்தை என் வீட்டுக்காரர் என்னிடம் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவர். மாமனார் இருந்தவரை தோப்பில் ஒரு கன்று நடக்கூட இவரைக் கேட்டதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் எழுதிய எழுத்து. அறுபது வயதில் முதல் தடவையாக அவர் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் அங்கே ஒரு ஆள் ஆகிவிட்டார். தோண்டிக் கொட்டிய மண்ணில் ஏதாவது தப்பிப் போயிருக்கிறதா என்று மெஷினை வைத்துத் தடவிப் பார்க்கும் வேலை. பையன்களும் பெண்களும் அவரை அங்கிள் என்றார்கள். ஒரு தொப்பி கொடுத்தார்கள். தோப்பில் கிடைத்ததை எல்லாம், அந்தப் பிஸ்கட் டின் உட்பட, அவர் டீச்சர் வழியாக அரசாங்கத்துக்கு ஒப்படைத்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. தாழி பற்றிய அறிக்கை புத்தகமாக வரும்போது, சுற்றியுள்ள நிலங்களில் கிடைத்தவற்றுக்குத் தனி அத்தியாயம் போடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அது முழுக்க இவர் நோட்டில் இருந்து வரும்.

"ஆனா சேட்டா, நான் கூட இருந்து பார்க்கல. இதுக்கெல்லாம் சாட்சி உங்க நோட்டு மட்டும்தான். ஒரு வரி சரியில்லன்னு ஆனா, மொத்தத்தையும் எடுத்துக் கீழ போட்டுருவாங்க" என்றும் சொன்னார்.

"போட மாட்டாங்க, டீச்சர்" என்று இவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

கிண்ணம் கிடைத்தது கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள். மத்தியானம் தோப்பில் இருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குழிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டடி ஆழத்தில் பச்சை பூத்த ஒரு விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. டேப்பைப் பிடித்தேன். அளந்தார், எழுதினார், போனில் நாலு பக்கமும் படம் பிடித்தார். டீச்சர் ஊருக்குப் போயிருந்தார், மறுநாள் காலையில்தான் வருவார். மேற்கே வானம் கறுத்துவிட்டது. குழியில் தண்ணீர் நின்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று சொல்லி, மண்ணோடு மண்ணாக அதைப் பெயர்த்தெடுத்து, வைக்கோல் பரப்பிய கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், பாத்திரம் துலக்குகிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார்.

"நாளைக்குக் காலைல டீச்சர்கிட்டக் குடுத்துரோணும்" என்றார். குழிக்குத் தார்ப்பாய் போட ஓடினார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். தொடாதே என்று சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். எனக்கும் ஒன்று சொல்லத் தேவையில்லாததாக இருந்தது. எங்கள் வீட்டில் இருந்து ஒரு பாத்திரம் இன்னொருவர் கைக்குப் போகிறது என்றால் அழுக்காகப் போகாது. வெறுமையாகவும் போகாது. பக்கத்து வீட்டுக் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கழுவித் துடைத்து ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் அப்போது குத்துவிளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கரைத்த புளி இருந்தது, சாம்பல் இருந்தது, தேங்காய் நார் கையில் இருந்தது. படித்த மனுஷியிடம் போகிற சாமான். அதை மண்ணும் களிம்புமாகக் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

உள்ளே மண் இறுகிப்போய் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து முருங்கைக் குச்சியால் நோண்டினேன். பாதி மண் ஒரே கட்டியாக வந்தது. அந்தக் கட்டியின் அடியிலும், கிண்ணத்தின் உள்பக்கம் அது ஒட்டியிருந்த இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. சாக்குத் தடம் என்று நினைத்தேன். கூடையில் சாக்கே போடவில்லை என்பது அப்போது தோன்றவில்லை. நாரைப் போட்டுத் தேய்த்தேன். பச்சை போய்ச் செம்பு நிறம் வந்தது. இன்னும் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகப் பளபளத்தது. நடுவில் குமிழ் வைத்த அழகான கிண்ணம். அப்படி ஒரு வெண்கலத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. துடைத்து, ஒரு பிடி சர்க்கரை போட்டு, விளக்குகளோடு வரிசையில் வைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சர்க்கரையைப் பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துலக்குகிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணு எங்க?"

"வாழைக்குழியில ஊத்திட்டனுங்க."

எழுந்துபோய் மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்து, கொட்டுகிற மழையில் வாழைக்குழிச் சேற்றை அள்ளி அள்ளிச் சலித்தார். நானும் மண்டி போட்டு அள்ளினேன். என்ன தேடுகிறேன் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் பயம். கல்லும் வெங்காயத் தோலும்தான் வந்தன.

மறுநாள் டீச்சர் இரண்டு மாணவிகளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். மேஜை மேல் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது யார் பண்ணினது?"

"நாந்தானுங்க தேச்சுப்போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். "கார்த்திகையாச்சுங்களா, வெளக்கோட வெளக்கா... புத்தி இல்லாமப் பண்ணிட்டனுங்க."

குடித்த டம்ளரைக்கூட எடுத்துவைக்காத மனுஷன். நான் அடுக்களைக் கதவில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் வெட்கம்; வேறு எதையாவது சொன்னால் அது பொய். பேன்ட் போட்ட அந்த இரண்டு பெண்களும் என் மகள் வயது. அவர்கள் முன்னால் ஒன்றும் தெரியாத ஜடமாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

"உள்ளே என்ன இருந்தது, சேட்டா?"

"மண்ணுதானுங்க. வெறும் மண்ணு."

டீச்சர் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, கோபம் இல்லாமல், மாணவிகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். வெண்கலத்தில் பூக்கிற பச்சை, பக்கத்தில் இருக்கிற துணியைப் பிடித்துக்கொள்ளுமாம். நூல் மக்கிப்போனாலும் நெசவு மட்டும் அப்படியே தங்கிவிடுமாம். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் என்ன துணி நெய்தார்கள் என்று காட்ட இதுவரை ஒரு துண்டுகூட அவர் கையில் கிடைக்கவில்லையாம். மூன்று வருஷமாக அவர் தாழிகளில் தேடிக்கொண்டிருப்பது அதைத்தானாம். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க என்று.

"உன்னயக் கேட்டா நீ அழுவே. அதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன். உடு, வெசனப்படாத" என்றார். நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினார்: 'கிண்ணம் என்னால் கழுவப்பட்டது. உள்ளே மண் மட்டும்.' எழுதி முடித்து வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடுகளைப் பற்றி நான் அவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை நான் கல்யாணமான புதிதில்கூட உணர்ந்ததில்லை. அதனாலேயே அது வலித்தது.

தை மாதக் கடைசியில் டீச்சர் ஆட்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலையில் நான்கு இளநீரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். டீச்சர் தனியாக இருந்தார். மேஜை மேல் எங்கள் நோட்டு விரித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தார்.

துணியில் இருந்து ஆரம்பிப்போம், மற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணியிருந்தேன். "டீச்சர், அந்தக் கிண்ணத்துல ஒட்டியிருந்த மண்ணுல கோடு கோடா இருந்துச்சுங்க. குறுக்கால நெடுக்கால. துணி மாதிரி."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க பார்த்தீங்களா, சேச்சி? கண்ணால?" பேனாவை எடுத்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு அவர் கண் நோட்டுக்குப் போனது. பக்கத்தைப் புரட்டினார். அந்த வரியில் விரலை வைத்தார். "சேட்டன் வெறும் மண்ணுன்னு எழுதியிருக்காரே. தேய்ச்சது அவர். அவர் பார்க்கலையா?"

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார்.

"சேச்சி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொல்றத நான் எழுதணும். எழுதாம இருக்க முடியாது. அப்போ இந்த வரி தப்புன்னும் எழுதணும். எதுக்குத் தப்பா எழுதினார்னு கேட்பாங்க. ஒண்ணு தப்புன்னா மத்ததும் தப்பா இருக்காதான்னு கேட்பாங்க. இந்த அத்தியாயம் நிக்காது. எனக்கு அதுல சங்கடம்தான், ஆனா நீங்க பார்த்தது உண்மைன்னா அதுதான் பெரிசு." பேனாவைத் தாளில் வைத்தார். "சொல்லுங்க. என்ன பார்த்தீங்க?"

வெளியே ஆட்கள் நூல்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நோட்டில் அவருடைய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கோட்டைத் தொட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை எழுதியது போல இருந்தது.

"சாக்குத் தடமா இருக்குமுங்க" என்றேன். "கூடையில அடியில சாக்குப் போட்டிருந்தோம். நீங்க அன்னைக்குத் துணின்னு சொன்னீங்களா, அதக் கேட்டு நானா நெனச்சுக்கிட்டனுங்க."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உறுதியா, சேச்சி?"

"ஆமாங்க. எனக்கு என்னங்க தெரியும்."

அவர் பேனாவை மூடினார். எனக்காக ஓர் இளநீரைக் குடித்தார்.

அறிக்கை இப்போது புத்தகமாக வந்துவிட்டது. இங்கிலீஷில்தான். இவருடைய அத்தியாயத்தில் எங்கள் தோப்பின் வரைபடம் மரத்து நம்பர்களோடு இருக்கிறது. ஒறம்பரையாக வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார். கிண்ணத்தின் படத்துக்குக் கீழே, நிலக்காரரால் தேய்த்துக் கழுவப்பட்டது, உள்ளே மண் தவிர வேறொன்றும் இல்லை என்று போட்டிருக்கிறார்களாம். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறார். அச்சான பிறகு அதைத் திருத்த இனி யாரும் வரக்கூடாது. ஊர்ப் பெயரும் எங்கள் பெயரும் போடாமல் இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

அது சாக்கு இல்லை. கூறைச்சேலை அளவுக்கு நெருக்கமான நெசவு. ஓரத்தில் நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஏழு முடிச்சு எண்ணினேன். எண்ணிவிட்டுத்தான் நாரைப் போட்டுத் தேய்த்தேன்.